கண்ணை மூடிக்கொண்டு சிரிக்க

சென்னை சென்ட்ரலில் கிளம்பும் ரயில் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டித் தடாவுக்குள் நுழையும்போது நிலையப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. தமிழ் இறங்கிக்கொள்ள, தெலுங்கு ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பெட்டிக்குள் பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. சூளூர்பேட்டை, தொரவாரிசத்திரம் கடந்து, ஸ்வர்ணமுகி ஆற்றோரம் இருக்கும் நாயுடுபேட்டை வரும்வரை இரண்டு மொழிகளும் ஒரே வாக்கியத்துக்குள் இடித்துப் பிடித்துக்கொண்டு பயணம் செய்கின்றன. தூரம் ஏறக்குறைய 110 கிலோமீட்டர். நேரம், விரைவு ரயிலானால் சுமார் இரண்டு மணி. எல்லா நிலையங்களிலும் நின்று மூச்சு வாங்கும் வண்டி என்றால் அதற்கும் மேலே.

இரண்டு மணி என்பது ஒரு தமிழ் சபா நாடகத்தின் நீளமும்கூட.

இந்தக் கணக்கு சும்மா வேடிக்கைக்காகச் சொல்லப்படுவதல்ல. 1953-ல் ஆந்திரம் பிரிந்தது. 1960 ஏப்ரலில் எல்லைகள் மறுபடி திருத்தப்பட்டு, திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. சித்தூர் அந்தப் பக்கமே நின்றது. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த நாயுடுபேட்டை, 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. வரைபடத்தில் கோடுகள் இப்படி நகர்ந்துகொண்டிருக்க, அந்தக் கோட்டின் ஓரத்தில் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்த தலைமுறைகள் உண்டு. பாட்டியோடு தமிழில் சண்டை போடத் தெரியும். பாட்டி படிக்கும் வாரப் பத்திரிகையை எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. அவர்களுக்குத் தமிழ் என்பது முழுக்க முழுக்கக் காது சம்பந்தப்பட்ட விஷயம். புதுமைப்பித்தனும் கல்கியும் அவர்களுக்குப் பூட்டிய கதவு. சினிமா திறந்த கதவு, ஆனால் அதில் பாதி வேலையைக் கண் பார்த்துக்கொள்கிறது. மொழியை மட்டும் நம்பி நிற்கும் பொழுதுபோக்கு என்று பார்த்தால், எழுதி நடித்துப் பதிவு செய்யப்பட்ட நகைச்சுவை நாடகம்தான் மிச்சம். ஒரு மொழியின் சிலேடை புரிந்து சிரிப்பு வந்துவிட்டால், அந்த மொழி இன்னும் கையை விட்டுப் போகவில்லை என்று பொருள்.

எனவே இந்த வாரப் பரிந்துரைகள் எல்லாம் காதுக்கு மட்டும். ஒரு நிபந்தனை: யாராவது உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும், நடிகர்கள் நடித்திருக்க வேண்டும். இரண்டு நண்பர்கள் மைக் முன்னால் உட்கார்ந்து தங்களுக்குள்ளேயே சிரித்துக்கொள்ளும் அரட்டைகள் கணக்கில் இல்லை. இன்று பாட்காஸ்ட் என்ற பெயரில் தமிழில் வருவதில் பெரும்பகுதி அதுதான். செயலிகளில் தொடர்கதைகளும் குவிகின்றன: பழிவாங்கும் மருமகள், ரகசியக் கோடீஸ்வரன், பாழடைந்த பங்களா. நகைச்சுவைக்கு அங்கே நின்றுகொண்டு பயணம் செய்யும் டிக்கெட்தான்.

ஆகவே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. 1980-களிலும் 90-களிலும் தமிழ்நாட்டில் கல்யாண வீட்டு மொட்டை மாடியிலும், வாடகை வேனிலும், பரீட்சை முடிந்த பையன்களின் அறையிலும் ஓடிய கேசட்டுகளில் இளையராஜாவுக்கு அடுத்தபடியாக எஸ்.வி.சேகர் இருந்தார் என்று சொன்னால், அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் பெரிதாக மறுக்க மாட்டார்கள். 'காட்டுல மழை', 'மகாபாரதத்தில் மங்காத்தா' போன்ற நாடகங்களை மேடையில் பார்த்தவர்களைவிட டேப் ரிக்கார்டரில் கேட்டவர்கள் அதிகம். முகமே தெரியாத துணை நடிகர்களின் குரலை வைத்து வசனத்தை மனப்பாடம் செய்த ஒரு தலைமுறை இருந்தது. அறுபது நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். முக்கியமான கட்டத்தில் 'டக்' என்று நின்றுவிடும். எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். அந்த 'டக்' எங்கே வரும் என்பதும் வசனத்தோடு சேர்ந்தே மனப்பாடம்.

சேகரின் நாடகப்பிரியா குழுவுக்காக 1976-ல் ஒரு பொறியியல் பட்டதாரி எழுதிய நாடகம் 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்'. அதிலிருந்து ஒட்டிக்கொண்ட அடைமொழியோடு அவர் கிரேஸி மோகன் ஆனார். 1979-ல் தனிக் குழு ஆரம்பித்தார். 'மேரேஜ் மேட் இன் சலூன்' 1983-ல் கே.பாலசந்தரின் கையில் 'பொய்க்கால் குதிரை' என்ற சினிமா ஆனது. 2019 ஜூனில் மோகன் மறையும்வரை அந்தக் குழுவின் நாயகன் பெயர் மாது, அதை நடித்தவர் அவர் தம்பி பாலாஜி. நாடகத்துக்கு நாடகம் கதை மாறும். மாது மாற மாட்டார்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் மோகனிடமிருந்து ஆரம்பிப்பது நல்லது. காரணம் கலை சம்பந்தப்பட்டதைவிடத் தொழில்நுட்பம் சம்பந்தப்பட்டது. அவருடைய நகைச்சுவை ஏறக்குறைய முழுவதும் வார்த்தைக்குள் நடக்கிறது. ஒருவர் சொன்ன சொல்லை அடுத்தவர் வேறு அர்த்தத்தில் பிடித்துக்கொள்வார். மூன்றாமவர் அந்தத் தப்பான அர்த்தத்தையே உண்மையென்று எடுத்துக்கொண்டு ஒரு காரியம் செய்வார். அதைச் சமாளிக்க முதல் ஆசாமி ஒரு பொய் சொல்வார். இதில் கண்ணுக்கு வேலையே இல்லை. மேடையில் ஒரு சோபாவும் ஒரு டெலிபோனும் இருந்தால் போதும் என்று அந்தக் கால விமர்சகர்கள் சபா நாடகங்களைக் குறையாகச் சொன்னார்கள். கதாபாத்திரங்கள் நின்ற இடத்தில் நின்று வசனம் பேசுகிறார்கள், இது நாடகமே அல்ல, மேடையேறிய துணுக்குத் தோரணம் என்றார்கள். புகார் நியாயமானதுதான். ஆனால் மேடைக்கு எது பலவீனமோ அது கேசட்டுக்குப் பெரிய சௌகரியமாகப் போய்விட்டது. பார்க்க ஒன்றும் இல்லாத நாடகத்தில், கேட்பவருக்கு நஷ்டமும் இல்லை.

ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். இவை பெரும்பாலும் சபா பாணியில் கூட்டத்தின் சிரிப்போடு வருபவை. ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வசனம் வந்து, அந்தச் சிரிப்பிலேயே மூழ்கிவிடும். மேடையில் நடிகர் கூட்டத்தைப் பார்த்து நிறுத்திப் பேசுவார்; அப்போதும் நாலில் ஒன்று தப்பும். காதில் கருவியைச் செருகிக்கொண்டு கேட்பவருக்கு இது எரிச்சல். இரண்டாம் தரம் கேட்கும்போது மூழ்கிப்போன வசனம் பிடிபடும் என்பது ஆறுதல். பெண் பாத்திரங்கள் விஷயத்தில் அந்த ஆறுதலும் இல்லை. மாமியாரும் மனைவியும் கிண்டலுக்கு நிரந்தரக் குத்தகை என்ற மனோபாவம் அந்தக் கால சபா நாடகங்களில் சகஜம். இன்று பேத்தியோடு உட்கார்ந்து கேட்கும் தாத்தா சில இடங்களில் கனைத்துக்கொள்ள நேரிடும்.

இதற்கு முந்திய சங்கதி ஒன்றும் உண்டு. என்.எஸ்.கிருஷ்ணனின் 'கிந்தனார்' காலட்சேபம், நந்தனார் கதையை நையாண்டியாக மாற்றி, சேரிப் பையன் படிப்பதற்காகப் பட்டணம் போவதைச் சொல்வது. 1949-ல் 'நல்லதம்பி' படத்திலும் இடம்பெற்றது. ஒரே ஆள் கதாகாலட்சேபக்காரராக, பையனாக, ஊராராகக் குரல் மாற்றிக்கொண்டே போகிறார். தமிழில் தனிக்குரல் நகைச்சுவை எவ்வளவு தூரம் போகலாம் என்று தெரிந்துகொள்ள இது ஒன்று போதும். 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தின் ஒலிச்சித்திரம் அடுத்தது. கோயில் திருவிழா ஒலிபெருக்கிகளில் தேய்ந்து தேய்ந்து ஓடிய அந்தப் பதிவில் தருமியாக வரும் நாகேஷின் புலம்பலைப் படம் பார்க்காமலே ரசித்தவர்கள் ஏராளம். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை எல்லைக் கோட்டைப் பார்த்து நின்றுவிடவில்லை. மாநிலம் பிரிந்த பிறகும் அந்தப் பக்கத்து வீடுகளில் தமிழ் கேட்டுக்கொண்டிருந்ததற்கு அது ஒரு காரணம்.

எழுதப்பட்ட வானொலி நகைச்சுவை என்று கறாராகப் பார்த்தால், தமிழில் மிகச் சுவாரஸ்யமான உதாரணம் தமிழ்நாட்டில் பிறக்கவில்லை. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பில் எஸ்.ராமதாஸ் எழுதி நடத்திய 'கோமாளிகளின் கும்மாளம்' தான் அது. நான்கு பேர். மரைக்கார், உபாலி, அப்புக்குட்டி, ஐயர். மரைக்கார் பேசுவது முஸ்லிம்களின் தமிழ். அப்புக்குட்டியுடையது யாழ்ப்பாணத் தமிழ். ஐயருடையது பிராமணத் தமிழ். உபாலியோ சிங்களவர் பேசும் தமிழ். முகம் தெரியாத ஊடகத்தில், வாயைத் திறந்த மாத்திரத்தில் யார் என்று தெரிய வேண்டும் என்ற பிரச்சினைக்கு இதைவிடச் சுலபமான தீர்வு கிடையாது. தீர்வு மட்டும்தானா? ஒரே மொழிக்குள் நாலு மொழி இருப்பதே அங்கே நகைச்சுவை. ஒருவர் பேசுவது அடுத்தவருக்கு அரைகுறையாகப் புரிகிறது, அந்த அரைகுறையிலிருந்து கலவரம் கிளம்புகிறது. ராமதாஸ் மரைக்காராகவும், செல்வசேகரன் உபாலியாகவும், ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், அறிவிப்பாளராகப் பின்னாளில் உலகத் தமிழர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்ட பி.எச்.அப்துல் ஹமீத் ஐயராகவும் பேசினார்கள். முஸ்லிம் அறிவிப்பாளர் ஐயராகவும், தமிழர் சிங்களவராகவும் நடித்து நாடு முழுவதும் சிரித்தது. 1976-ல் இதுவே 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகி இலங்கையில் நன்றாக ஓடியது. அதற்குப் பிறகு ஏழே வருடத்தில் அந்த நாட்டில் என்ன நடந்தது என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால், சில இடங்களில் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

நாயுடுபேட்டை வாசகர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம்: அவர்கள் பேசும் தமிழ் இந்த நகைச்சுவைகளில் எங்கே இருக்கிறது? பதில் அத்தனை மரியாதையானதல்ல. தமிழ் நாடகத்திலும் சினிமாவிலும் தெலுங்கு கலந்து பேசும் பாத்திரம் வந்தால் அவர் சேட்டு, நாயர் வரிசையில் மூன்றாவது ஆள். உச்சரிப்புக்காகச் சிரிக்கப்பட்டுவிட்டு அடுத்த காட்சியில் காணாமல் போகிறவர். ராமதாஸ் செய்தது வேறு. அவருடைய நால்வரில் ஒவ்வொருவரும் மற்ற மூவரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை உள்ளவர். உபாலியின் தமிழ் கோணலானது. ஆனால் கதையில் அவர் சமபங்குதாரர். தடாவுக்கும் நாயுடுபேட்டைக்கும் இடையில் பேசப்படும் தமிழுக்கு அந்த மாதிரி ஒரு சமபங்கு இன்னும் எழுதப்பட்டாக வேண்டும்.

தெலுங்குப் பக்கம் இருக்கும் சரக்கையும் விட்டுவிடக் கூடாது. 1948 டிசம்பரில் தொடங்கிய விஜயவாடா வானொலி நாடகங்களுக்குப் பெயர் போனது. சிலகமர்த்தி லட்சுமி நரசிம்மம் எழுதிய 'கணபதி' நாவலின் வானொலி வடிவம் அங்கிருந்து ஒலிபரப்பாகி, இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு நினைவில் நிற்கிறது. சாப்பாட்டு ராமனும் முட்டாளுமான ஒருவனின் கதை என்று சொன்னால் சாதாரணமாகத் தோன்றும். கேட்டால் அப்படித் தோன்றாது. 1924-ல் முதல் பாகம் வெளிவந்த மொக்கபாட்டி நரசிம்ம சாஸ்திரியின் 'பாரிஸ்டர் பார்வதீசம்' இணையத்தில் வாசிப்பு வடிவில் கிடைக்கிறது. மொகல்தூரிலிருந்து இங்கிலாந்து போய் பாரிஸ்டர் ஆகக் கிளம்பும் அப்பாவி, பெண்கள் அணியும் தொப்பி என்று தெரியாமல் ஒன்றை வாங்கித் தலையில் வைத்துக்கொள்கிறான். அவன் சென்னைக்கு வரும் ரயில் பாதை கூடூர், நாயுடுபேட்டை வழியாகத்தான் போகிறது.

ஆங்கிலம் பழக்கமானவர்களுக்குப் பட்டியலில் இரண்டே இரண்டு. பி.பி.சி. ரேடியோ 4-ல் 2008-லிருந்து 2014 வரை ஜான் ஃபின்னமோர் எழுதிய 'கேபின் பிரஷர்': ஒரே ஒரு விமானம் வைத்திருக்கும் விமானக் கம்பெனி, அதில் நாலு பேர். ஒவ்வொரு பகுதிக்கும் அபுதாபியில் ஆரம்பித்து ஜூரிச்சில் முடியும் ஆங்கில அகரவரிசைப்படி ஊர்ப் பெயர். கோமாளிகள் நால்வரின் சூத்திரம்தான். குரலைக் கேட்டதும் ஆள் தெரிந்துவிடும். மற்றது, 2012-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'வெல்கம் டு நைட் வேல்'. ஒரு பாலைவனச் சிற்றூரின் உள்ளூர் வானொலிச் செய்தி போல நடிக்கும் இது, நடக்கவே முடியாத விபரீதங்களை முகத்தில் சலனமில்லாமல் அறிவிக்கும். கொஞ்சம் பழக வேண்டும். இந்திக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. விவித் பாரதியின் 'ஹவா மஹல்' கால் மணி நேர நாடகங்களைக் கேட்டே வளர்ந்தவர்கள் அவர்கள்.

இதெல்லாம் எங்கே கிடைக்கும் என்பதில்தான் சங்கடம். இணையத்தில் உள்ள பழைய தமிழ் நாடகப் பதிவுகளில் பல, யாரோ ஒரு ரசிகர் வீட்டு டேப்பிலிருந்து ஏற்றியவை. ஒலிநாடாவில் காந்தத் துகள் உதிரும். சுற்றுக்கு அடுத்த சுற்றின் ஒலி பதிந்து வசனம் வருவதற்கு முன்பே அதன் நிழல் கேட்கும். நகைச்சுவைக்கு இதைவிட மோசமான நோய் இருக்க முடியாது. முத்தாய்ப்பு முன்கூட்டியே காதில் விழுந்துவிடுகிறது. மேலும் அப்படி ஏற்றியவற்றிலிருந்து எழுதியவருக்கோ நடித்தவருக்கோ ஒரு பைசா போவதில்லை. நாடகக் குழுக்களே தங்கள் பெயரில் வெளியிட்டிருக்கும் பதிவுகள் இருந்தால் அவற்றைத் தேடிக் கேட்பது உத்தமம். ஆகாசவாணி, தூர்தர்ஷன் சரக்குக்குப் பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய 'வேவ்ஸ்' தளம் இருக்கிறது. பழைய சுரங்கத்திலிருந்து இன்னும் எவ்வளவு தோண்டி எடுப்பார்கள் என்பது அவர்கள் மனது.

புதிதாகச் செய்ய நினைப்பவர்களுக்குச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. இந்தியாவில் எழுத்தாளர் மறைந்த ஆண்டிலிருந்து அறுபது வருடம் முடிந்தால் நூல் பொதுச்சொத்து. 1957-ல் மறைந்த தேவனின் 'துப்பறியும் சாம்பு' 2018-லிருந்து யார் வேண்டுமானாலும் எடுத்து நடிக்கலாம். வேலையை இழந்த அசட்டு பாங்க் குமாஸ்தா, தடுக்கி விழுந்தே திருடர்களைப் பிடிக்கும் அந்தக் கதைகள் ஒவ்வொன்றும் ஒரு ரயில் நிலையத்திலிருந்து அடுத்த இரண்டு மூன்று நிலையங்களுக்குள் முடிந்துவிடும் நீளம். 1964-ல் மறைந்த பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி' 2025-லிருந்து அதே வரிசையில் வந்துவிட்டது. 1941-ல் ஏவி.எம். படமாக்கியபோது டி.ஆர்.ராமச்சந்திரன் எஜமானர் சபாபதி, காளி என்.ரத்னம் வேலைக்காரர் சபாபதி. எஜமானருக்கும் வேலைக்காரருக்கும் ஒரே பெயர், இருவருமே அறிவில் சமமான ஏழைகள். திரையில் உடையைப் பார்த்து யார் எஜமானர் என்று கண்டுபிடித்துவிடலாம். குரலை மட்டும் வைத்துச் செய்தால் ஒரு 'சபாபதி' கூப்பிடப்படும்போது இரண்டு பேர் பதில் சொல்வார்கள், கேட்பவருக்கும் அவர்களைப் போலவே குழப்பம் வரும். வேலைக்காரச் சபாபதி மட்டும் நாயுடுபேட்டைத் தமிழில் பேசட்டும். குழப்பம் தீர்ந்துவிடும், எஜமானருக்குத்தான் பாதி புரியாது.

அதுவரை, இருப்பதைக் கேட்கலாம். வழியில் செல்போன் கோபுரங்கள் காலை வாரிவிடக்கூடும். புறப்படும் முன்பே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. மோகனின் நாடகம் ஒன்றை சென்ட்ரலில் ஆரம்பித்தால், மாதுவின் கடைசிப் பொய் வெளிப்படும் சமயத்தில் ஜன்னலுக்கு வெளியே நாயுடுபேட்டைப் பலகை வந்திருக்கும்.